பசியைப் பாடமாக்கிய பேராசிரியர்கள்

கொல்கத்தா சித்தரஞ்சன் அவென்யூவில், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அருகே, 110-ஆம் எண் கொண்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. லேக் மார்க்கெட்டிலிருந்தும் ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்தும் மத்திய கொல்கத்தாவுக்கு வேலைக்குப் போய் வரும் நம்மவர்கள் அதைப் பல முறை கடந்து போயிருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள்.

‘ஆல் இந்தியா இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹைஜீன் அண்டு பப்ளிக் ஹெல்த்’ என்பது அதன் பெயர். 1932-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி தொடங்கப்பட்டது. மக்கள் ஏன் நோயாளி ஆகிறார்கள், அதை எப்படித் தடுப்பது என்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் உணவு நிபுணர்களுக்கும் கற்றுக் கொடுக்கும் இடம் அது. சத்துணவு அங்கே ஒரு பாடம்.

“சத்துணவுப் பாடமா? சமையல் வகுப்புதானே!” என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நம் வீடுகளில் பெண் பிள்ளை அந்தப் பாடத்தை எடுக்கப் போகிறேன் என்றால், “அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்பதுதான் முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு இந்த நகரமே பதில் வைத்திருக்கிறது. கடந்த நூறு ஆண்டுகளில், உணவைப் பற்றி உலகம் கற்றுக்கொண்ட சில பெரிய பாடங்கள் கொல்கத்தாவின் தெருக்களிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் எழுதப்பட்டவை. அவற்றை எழுதியவர்களில் பலர் வகுப்பறை ஆசிரியர்கள். அந்தக் கதையில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

குன்னூர் எலிகள் சொன்ன சேதி

கதை நீலகிரியில் தொடங்குகிறது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் ‘பெரிபெரி’ நோயை ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறிய ஆராய்ச்சிதான் பின்னாளில் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய சத்துணவு நிறுவனமாக விளங்குகிறது.

மெக்காரிசன் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு. இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு. மற்றவற்றுக்கு மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி, மதராசி சாப்பாடு. சில வாரங்கள் கழித்து எடை போட்டுப் பார்த்தார்.

கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி சாப்பிட்ட சீக்கியக் கூட்டம் முதலிடம் பெற்றது. கடைசி இரண்டு இடங்கள் யாருக்கு? வங்காளிக்கும் மதராசிக்கும்!

கோபப்பட வேண்டாம். அது அந்தக் காலத்து ஏழைகள் சாப்பிட்ட சாப்பாடு. தீட்டிய அரிசி ஏராளம். பாலும் பருப்பும் கீரையும் கொஞ்சம். குற்றம் அரிசியின் மேல் மட்டும் இல்லை. அரிசியோடு சேர வேண்டியவை தட்டில் சேராததுதான் பெரிய குறை.

அரிசிக்கு வக்காலத்து வாங்கும் சேதியும் குன்னூரிலிருந்தே வந்தது. பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி நோய் வட கோடியில், இன்றைய ஆந்திரக் கடலோரத்தில்தான் அதிகம் இருந்தது. அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். தமிழ் மாவட்டங்களில் புழுங்கல் அரிசி. நெல்லை உமியோடு அவிக்கும்போது, மேல் தோலில் இருக்கும் ‘பி-1’ வைட்டமின் அரிசிக்குள் இறங்கி விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. வங்காளியின் ‘சித்த சால்’ என்பதும் நம் புழுங்கல் அரிசிதான். இரண்டு மாநிலத்துப் பாட்டிமார்களும் வைட்டமின் என்ற பெயரைக் கேள்விப்படாமலே ஒரு நோயைத் தடுத்து வைத்திருந்தார்கள்.

அரிசியா, எண்ணெயா?

இனி கல்கத்தாவுக்கு வருவோம். 1877-ல் இந்த நகரத்தில் ஒரு விசித்திர நோய் பரவியது. கால்கள் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பலவீனமாகும், சிலருக்குக் கண் பார்வை கெடும். ஒரே வீட்டில் பலருக்கு வரும். ‘கொள்ளை நோய் வீக்கம்’ என்றார்கள். பெரிபெரி போலவே தெரிந்ததால், பல ஆண்டுகள் பழி அரிசியின் மேல் விழுந்தது. கிடங்கில் கெட்டுப்போன அரிசியில் விஷம் உண்டாகிறது என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

1926-ல் ஒரு வங்காள டாக்டர் கடுகு எண்ணெய் மேல் சந்தேகம் தெரிவித்தார். 1937-ல் சித்தரஞ்சன் அவென்யூ நிலையத்தைச் சேர்ந்த ஆர்.பி.லால், எஸ்.சி.ராய் ஆகியோர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை, யார் எந்த எண்ணெய் வாங்கினார்கள் என்று பட்டியல் போட்டார்கள். விடை கிடைத்தது. கடுகோடு பிரம்மதண்டு விதை கலந்திருந்தது!

பிரம்மதண்டு நம் ஊர் தரிசு நிலத்திலும் மஞ்சள் பூவோடு நிற்கும் முள் செடி. அதன் விதை கருப்பாக, சிறிதாக, கடுகு போலவே இருக்கும். தானாகக் கலந்ததும் உண்டு. காசுக்காகக் கலந்ததும் உண்டு.

இந்தச் சம்பவம் இன்றும் பொதுச் சுகாதார மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. நோயாளியின் நாடியை மட்டும் பார்த்தால் இந்த நோயின் காரணம் புரியாது. அவர் வீட்டு எண்ணெய்ப் புட்டியைப் பார்க்க வேண்டும். அது வந்த கடையைப் பார்க்க வேண்டும். கடைக்கு வந்த செக்கைப் பார்க்க வேண்டும். சத்துணவு ஆசிரியர் தன் மாணவருக்கு முதலில் சொல்லித் தரும் வித்தை இதுதான்.

பாடத்தை மறந்தால் என்ன ஆகும்? 1998-ல் தில்லியில் இதே கலப்பட எண்ணெயால் 60 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கல்கத்தாவில் 61 ஆண்டுகளுக்கு முன்பே காரணம் கண்டுபிடித்த நோய் அது.

சிங்கூர் வகுப்பறை

கட்டடத்துக்குள் உட்கார்ந்து பொதுச் சுகாதாரம் கற்க முடியாது என்று அந்த நிலையத்தார் ஆரம்பத்திலேயே உணர்ந்தார்கள். 1939-ல் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள சிங்கூரில் கிராமப் பயிற்சி மையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியது. கார் தொழிற்சாலைத் தகராறால் பிற்காலத்தில் நாடெங்கும் பெயர் தெரிந்த அதே சிங்கூர்தான்!

அப்போது நிலையத்தின் இயக்குநராக வந்தவர் ஜான் கிராண்ட். சீனாவில், பீக்கிங் மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் கற்பித்தவர். அங்கே பெற்ற அனுபவத்தை இங்கே கொண்டு வந்தார். பின்னர் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் கமிட்டியின் வேலையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. நம் டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் கமிட்டியில் உறுப்பினர். 1946-ல் வந்த அதன் அறிக்கையிலிருந்துதான் நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

கிராமத்தில் மாணவர் என்ன செய்வார்? ஒரு வீட்டுக்குப் போய், “நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்பார். கேட்பது சுலபம், பதில் வாங்குவது கஷ்டம். வறுமையைச் சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்கும். அம்மா கடைசியாகச் சாப்பிட்டாரா, சாப்பிடவே இல்லையா என்பது கேள்வித்தாளில் வராது. சட்டியில் மிச்சம் என்ன இருந்தது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தையின் மேல் கையைச் சுற்றி ஒரு நாடா வைத்து அளப்பதும் இன்று அந்தப் பாடத்தில் உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஆபத்து. உடனே சிகிச்சை வேண்டும். 12.5-க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை. ஒரு நாடா, இரண்டு நிமிடம். அங்கன்வாடித் தொழிலாளியும் செய்யலாம், தாயும் செய்யலாம்.

1943: கஞ்சித் தண்ணீர் கேட்ட குரல்கள்

சிங்கூர் மையம் தொடங்கி நான்கு ஆண்டுகளில் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் மிட்னாப்பூரில் புயல் அடித்தது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று சர்க்கார் கடலோரப் படகுகளைப் பறிமுதல் செய்தது. யுத்தச் செலவால் விலைவாசி ஏறியது. அரிசி விலை கூலிக்காரன் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

கிராமத்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் கல்கத்தாவுக்கு வந்தார்கள். வீட்டு வாசலில் நின்று அவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். “ஃபேன் தாவ்” என்று கேட்டார்கள். வடித்த கஞ்சித் தண்ணீர் கொடுங்கள் என்று பொருள். அந்தக் குரலை நினைவில் வைத்திருந்த முதியவர்கள் இந்த நகரத்தில் நீண்ட காலம் இருந்தார்கள்.

1943 ஆகஸ்டில் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை பஞ்சத்தின் படங்களை வெளியிட்ட பிறகே வெளி உலகம் திரும்பிப் பார்த்தது.

பஞ்சத்தை விசாரிக்க அமைந்த கமிஷனில், குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் டபிள்யூ.ஆர்.அய்க்ராய்டு ஓர் உறுப்பினர். கமிஷனின் செயலாளர், சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி ஆர்.ஏ.கோபாலசாமி. இறந்தவர்கள் 15 லட்சம் பேர் என்று கமிஷன் கணக்கிட்டது. அது குறைவான கணக்கு என்று அய்க்ராய்டே பல ஆண்டுகள் கழித்து எழுதினார். 30 லட்சம் வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்கள் மதிப்பு.

பஞ்ச காலத்தில் சாந்திநிகேதனில் பத்து வயதுகூட நிரம்பாத சிறுவனாக இருந்தவர் அமர்த்தியா சென். 1981-ல் அவர் எழுதிய ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூல் ஓர் உண்மையை உலகத்துக்கு உரைத்தது. நாட்டில் அரிசி இருந்தால் மட்டும் போதாது. அதை வாங்கும் சக்தி மக்கள் கையில் இருக்க வேண்டும். சத்துணவு படிக்கும் மாணவர் கலோரியோடு கூலியையும் விலையையும் சேர்த்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.

கடலைப் பால் காய்ச்சிய பேராசிரியர்

அந்த நாட்களில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். பெயர் பீரேஷ் சந்திர குஹா. 1904-ல் மைமன்சிங்கில் பிறந்தவர். இங்கிலாந்தில் டிரம்மண்ட், ஹாப்கின்ஸ் போன்ற வைட்டமின் மேதைகளிடம் பயின்றவர். வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். திரும்பி வந்து, 1936-ல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பஞ்சம் வந்தபோது குஹா வெறும் விரிவுரையோடு நிற்கவில்லை. பசுவின் பால் ஏழைக் குழந்தைக்கு எட்டாத பொருளாகி விட்டது. ஆகவே நிலக்கடலை, சோயா போன்றவற்றிலிருந்து தாவரப் பால் தயாரித்தார். சாதாரணக் காய்கறிகளிலும் கீரைகளிலும் என்ன சத்து இருக்கிறது என்று ஆராய்வதைத் தன் ஆய்வுக்கூடத்தின் வேலையாக வைத்துக்கொண்டார். இந்திய சர்க்காரின் உணவுத் துறைக்குத் தொழில்நுட்ப ஆலோசகராகவும் இருந்தார். 1962-ல் காலமானார். அவர் மனைவி பூல்ரேணு குஹா பிற்காலத்தில் மத்திய ராஜாங்க மந்திரியாக இருந்தவர்.

பஞ்ச கால அனுபவம் கடல் கடந்தும் போனது. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெல்சன் சித்திரவதை முகாமைப் பிரிட்டிஷ் படை விடுவித்தது. எலும்பும் தோலுமாக இருந்தவர்களுக்கு என்ன கொடுப்பது? ‘வங்காளப் பஞ்சக் கலவை’ என்ற பெயரில் அரிசி, பால் பவுடர், சர்க்கரை, தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். ஐரோப்பியர்கள் பலருக்கு அந்த இனிப்பு பிடிக்கவில்லை, குடிக்க மறுத்தார்கள்.

இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. சத்துக் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் உணவு வயிற்றுக்குள் போய்விடாது. சாப்பிடுபவரின் நாக்கையும் பழக்கத்தையும் கேட்காமல் யாருக்கும் உணவுத் திட்டம் எழுத முடியாது. உலகப் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை இன்றும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேலமும் செங்கமும்

இந்த வரிசையில் நம்மவர்கள் இருவரைச் சொல்லாமல் விட முடியாது.

ஒருவர் டாக்டர் சி.கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர். சென்னையிலும் லண்டனிலும் படித்து, குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1961 முதல் 1974 வரை ஐதராபாத் நிறுவனத்தின் இயக்குநர். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர்.

1960-களில், ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதம்தான் குறை, புரத மாவு கொடுத்தால் போதும் என்று உலக நிபுணர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபாலன் வேறு விதமாகச் சொன்னார். “நம் குழந்தைகளுக்குச் சாப்பாடே போதவில்லை. வழக்கமான சோறும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் சரியாகிவிடும்” என்பது அவர் கருத்தின் சாரம். டப்பா மாவை நம்பியிருந்தவர்களுக்கு அது கசந்தது. ஆனால் காலம் அவர் பக்கம்தான் சாய்ந்தது. 

அவரும் சகாக்களும் சேர்ந்து 1971-ல் வெளியிட்ட ‘இந்திய உணவுகளின் சத்து மதிப்பு’ என்ற புத்தகம், சத்துணவு மாணவர்களின் கையில் பல தலைமுறையாக இருந்தது. 2017-ல் ஐதராபாத் நிறுவனம் 528 உணவுகளை மறுபடி ஆராய்ந்து புதிய அட்டவணை வெளியிட்டது. கோபாலன் 2019-ல், 100 வயது கடந்த நிலையில் காலமானார்.

மற்றவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். 1919-ல் செங்கத்தில் பிறந்தவர். அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியைப் பல்லாண்டு நடத்தி, அது பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றபோது துணைவேந்தரானார். 1992-ல் பத்மஸ்ரீ. 2002-ல் மறைந்தார். மனையியல் என்றால் கேக் செய்யும் படிப்பு என்று நினைத்த காலத்தில், மாணவிகளைப் பள்ளிக்கூடங்களுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பி, மதிய உணவு சாப்பிடும் குழந்தைகளை எடை போட வைத்தவர் அவர்.

உப்பும் சர்க்கரையும்

மீண்டும் வங்காளம். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். எல்லையோர ஊரான போன்காவில் காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் இரண்டு அறைகள். தரை முழுக்க நோயாளிகள். நரம்பு வழியாக ஏற்றும் ‘சலைன்’ தீர்ந்துகொண்டே வந்தது.

அங்கே அனுப்பப்பட்டவர் டாக்டர் திலீப் மகலனோபிஸ். கல்கத்தாவில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இதைக் கலந்து நோயாளிக்கு வாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். குடல் சுவர் குளுக்கோசை உறிஞ்சும்போது உப்பும் கூடவே உள்ளே போகிறது. உப்போடு தண்ணீர் போகிறது. இவ்வளவுதான் ரகசியம்.

யார் கொடுப்பது? நர்சுகள் போதவில்லை. ஆகவே தாய்மாருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது!

படிக்காத தாய்மார் கையில் மருந்தைக் கொடுப்பதா என்று நிபுணர்கள் பலர் தயங்கினார்கள். சில ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனம் இதையே உலகமெங்கும் கொண்டு போனது. இன்று மருந்துக் கடையில் நாம் வாங்கும் ‘ஓ.ஆர்.எஸ்.’ பொட்டலத்துக்குப் பின்னால் போன்காவ் இருக்கிறது. மகலனோபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு மத்திய சர்க்கார் அவருக்குப் பத்மவிபூஷண் வழங்கியது.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. நீர் கொடுக்க வேண்டும், சாப்பாடும் கொடுக்க வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைத் தெரிய வைத்தது ஆசிரியர்களின் வேலை. பேராசிரியர் டாக்டருக்குச் சொன்னார். டாக்டர் நர்சுக்குச் சொன்னார். நர்சு தாய்க்குச் சொன்னார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கண்டுபிடிப்பு காகிதத்திலேயே நின்றுவிடும்.

இன்றைய கணக்கு

“பஞ்சம் போய்விட்டது. இனி இந்தப் படிப்புக்கு என்ன வேலை?” என்று கேட்கலாம்.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மேற்கு வங்காளத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 71.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் மேற்கு வங்காளத்தில் 33.8 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம்.

தமிழ்நாட்டில் காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும் இருந்தும் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தம் குறைவு. கடைகளில் பொருள் நிரம்பிக் கிடக்கும் மேற்கு வங்காளத்தில் நிலைமை இன்னும் மோசம். பசி ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் சத்துக் குறைவு கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், படிப்பில் கவனமின்மை என்று வேறு பெயர்களில் அது உலாவுகிறது.

இதில் வீட்டில் செய்யக் கூடியதும் உண்டு. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் நமக்கும் உண்டு; வங்காளிகளுக்கும் உண்டு. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடம்பில் சேர விடுவதில்லை. ஒரு மணி நேரம் தள்ளி டீ குடிக்கலாம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் ‘சி’ இரும்புச் சத்தைச் சேர்த்துக்கொள்ள உதவுகிறது. நம் முருங்கைக் கீரைதான் வங்காளியின் ‘சஜ்னே ஷாக்’. பருப்பும் கீரையும் கடைந்து, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. ரத்த சோகை கடுமையாக இருந்தால் கீரை மட்டும் போதாது. டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிட வேண்டும்.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் உணவு-சத்துணவு அல்லது மனையியலில் பி.எஸ்சி. சேரலாம். பிறகு எம்.எஸ்சி. சித்தரஞ்சன் அவென்யூ நிலையத்தில் பயன்முறைச் சத்துணவில் எம்.எஸ்சி. பட்டமும், உணவு முறை டிப்ளமாவும் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் மனையியல் துறை இருக்கிறது. ஊர்ப் பக்கம் போக விரும்பினால் கோவை அவினாசிலிங்கம். சற்றுத் தள்ளி ஐதராபாத் தேசிய நிறுவனம்.

கல்லூரி ஆசிரியராக விரும்பினால், பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘நெட்’ தேர்வு எழுத வேண்டும். டாக்டர் பட்டமும் இருந்தால் நல்லது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் சமுதாய மருத்துவத்தில் எம்.டி. படித்து இந்தத் துறைக்கு வரலாம். யூனிசெப், உலக சுகாதார நிறுவனம் போன்ற அமைப்புகளிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சை நிபுணருக்குக் கிடைக்கும் பெயரும் பணமும் சத்துணவு ஆசிரியருக்குக் கிடைக்காது. பிழைத்த நோயாளி கைகூப்பி நன்றி சொல்ல வருவதில்லை. ஏனென்றால், அவர் நோயாளியே ஆகவில்லை!

வங்காளி வீட்டுப் பிள்ளைகளோடு கலந்து வளர்ந்து, அவர்கள் மொழியும் தமிழும் ஒன்றாகப் பேசும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் ஒரு தனி வசதி இருக்கிறது. சிங்கூர் தாயிடம் போய், “நேற்று என்ன சமைத்தீர்கள், மா?” என்று அவர் மொழியிலேயே கேட்கவும் முடியும், செங்கத்துத் தாயிடம் தமிழில் கேட்கவும் முடியும். மெக்காரிசனின் எலிகள் கடைசி வரிசையில் உட்கார வைத்த இந்த இரண்டு சோற்று மாநிலங்களையும் மேலே கொண்டு வர அப்படிப்பட்ட ஆசிரியர்கள் வேண்டும்.

ஆகவே வீட்டில் ஒரு பெண்ணோ பையனோ, “நான் சத்துணவு படிக்கிறேன்” என்று சொன்னால், தயவு செய்து சிரிக்காதீர்கள். விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள்.